சாசேஜ் மேலே கருகுகிறது, உள்ளே வேகவில்லை. எளிதாக என்னென்ன செய்யலாம்?

மாலைச்சமையல்:

வணக்கம். வாரத்தில் நான்கு நாள் என் மனைவிக்கு மாலை ஷிஃப்ட், அந்த நாட்களில் அடுப்படி என் பொறுப்பு. பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு மூன்று. நான் வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் தட்டு வைக்காவிட்டால் சின்னவன் அழுதபடியே தூங்கிவிடுவான். சீக்கிரம் ஆகும் என்று நம்பி சாசேஜ் இரண்டு பாக்கெட் வாங்கி வைத்தேன். ஒன்று ஃப்ரீசரில் இருக்கும் மெல்லிய சிக்கன் சாசேஜ். இன்னொன்று தடித்த பன்றி இறைச்சி சாசேஜ், வெளிர் ரோஜா நிறத்தில், விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும்.

நேற்று தடித்ததை எடுத்தேன். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டதில் இரண்டு நிமிடத்தில் தோல் பிளந்து, கொழுப்பு எல்லாம் வெளியே வந்து, அடுப்பைச் சுற்றித் தெறித்துவிட்டது. வெளியே கருப்பு, வெட்டிப் பார்த்தால் நடுவில் கொழகொழவென்று பச்சையாக இருக்கிறது. வெட்டிய துண்டுகளைத் திரும்பவும் போட்டு வறுத்தேன், அப்போது ரப்பர் போல ஆகிவிட்டது. அதற்கு முந்தின வாரம் மெல்லியதைச் சாதத்தோடு கிளறி, வழக்கம்போல உப்பும் போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. பெரியவள் ஒரு வார்த்தை சொல்லாமல் தண்ணீரைக் குடித்துக் குடித்தே சாப்பிட்டு முடித்தாள், அதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். கருகாமல் வெடிக்காமல் உள்ளே வரைக்கும் வேக வைப்பது எப்படி? வெந்துவிட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? அப்புறம் அரை மணி நேரத்துக்குள் ஆகிற, பிள்ளைகள் சாப்பிடுகிற மாதிரி இரண்டு மூன்று வகைகள் சொல்லுங்கள். அடுப்பு, வாணலி, மூடி, ஒரு சின்ன அவன் (பேக்கிங் ஓவன்), இவ்வளவும் வீட்டில் உண்டு.

பழையவாணலி:

தம்பி, முதலில் அந்த இரண்டு பாக்கெட்டையும் திருப்பிப் படித்துப் பாருங்கள். நீங்கள் வாங்கியவை இரண்டும் வேறு வேறு பொருள். அந்த மெல்லிய சிக்கன் சாசேஜ் பெரும்பாலும் ஏற்கெனவே வேக வைத்தது, நீங்கள் அதைச் சுட வைத்துச் சிவக்க வைத்தால் போதும். தடித்தது பச்சை. அரைத்த இறைச்சியைத் தோலில் அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை முழுதாக வேக வைக்கிற வேலை உங்களுடையது. தொட்டால் கெட்டியாக, ரப்பர் பந்து மாதிரி திரும்பி எழுந்தால் வெந்தது, மெத்தென்று அமுங்கினால் பச்சை என்று ஒரு கணக்கு உண்டு, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், பாக்கெட்டில் எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டும். பச்சை என்றால் பச்சை என்றும், சமைத்துச் சாப்பிட வேண்டும் என்றும் போட்டிருப்பார்கள்.

இப்போது ஏன் வெடித்தது என்று சொல்கிறேன். அந்தத் தோல் குடல் தோலாக இருக்கலாம், கொலாஜன் என்ற விலங்குப் புரதத்தால் செய்ததாகவும் இருக்கலாம், எதுவானாலும் சூடு பட்டால் சுருங்கும். உள்ளே இருக்கிற இறைச்சியில் ஈரம் ஆவியாகி வெளியே தள்ளும். காய்ந்த எண்ணெயில் போட்டால் தோல் நொடியில் இறுகிவிடுகிறது, உள்ளே நடுப்பகுதி இன்னும் ஃப்ரிட்ஜ் குளிரிலேயே இருக்கிறது. பிளக்காமல் என்ன செய்யும்?

நான் செய்வது இது. அகலமான வாணலியில் சாசேஜை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, அரை அங்குலம் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, மிதமான தீ. தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் எழுந்தால் சரி. எட்டிலிருந்து பத்து நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பி விடுங்கள். வெளிர் ரோஜா போய்ச் சாம்பல் நிறத்துக்கு வரும், பார்க்க நன்றாக இருக்காது, பயப்படாதீர்கள். அப்புறம் மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீர் வற்ற விடுங்கள். தண்ணீர் வற்றுகிற நேரத்தில் சத்தம் மாறும், கவனித்துக் கேளுங்கள், குபுகுபு என்பது போய்ச் சுர்ரென்று மெல்லிய சத்தம் வரும். அதுதான் சாசேஜ் தன் கொழுப்பிலேயே வறுபட ஆரம்பிக்கிற நேரம். எண்ணெய் தனியாக வேண்டியதே இல்லை. நான்கைந்து நிமிடம் உருட்டி உருட்டி விட்டால் சுற்றிலும் பொன்னிறமாக வரும். எடுத்தவுடன் வெட்டாமல் மூன்று நிமிடம் தட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் சாறு எல்லாம் பலகையில் ஓடிவிடும்.

வெந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது ஆடம்பரம் இல்லை. முனை வழியாக நீளவாக்கில் நடுவரை குத்திப் பாருங்கள். பன்றி, மாட்டு இறைச்சி சாசேஜ் என்றால் 71 டிகிரி செல்சியஸ், கோழி என்றால் 74. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பு சேர்த்த சாசேஜ் எவ்வளவு வெந்தாலும் ரோஜா நிறமாகவேதான் இருக்கும், சேர்க்காதது வேகும் முன்பே பழுப்பாகத் தெரியலாம்.

குடைமிளகாய்:

தண்ணீர் முறை சரிதான், ஆனால் அதற்கு முன்னால் சாசேஜை முள்கரண்டியால் நான்கு இடத்தில் குத்தி விட்டால் வெடிக்கவே வெடிக்காதே? எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். கொழுப்பும் கொஞ்சம் குறையும்.

பழையவாணலி:

குத்தினால் வெடிக்காது, உண்மை. ஆனால் அந்த ஓட்டை வழியாகக் கொழுப்பும் சாறும்தான் வெளியே போகிறது. தடித்த பச்சை சாசேஜில் கொழுப்பு கால் பங்குக்கு மேலேகூட இருக்கும், அது உள்ளே இருந்தால்தான் கடிக்கும்போது மிருதுவாக இருக்கும். தீ குறைவாக இருந்தால் குத்தாமலேயே வெடிக்காது. கொழுப்பு குறைய வேண்டும் என்றால் வறுத்த பிறகு வாணலியில் தங்கியதை வடித்துவிடுங்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது, ஒரே பாக்கெட்டில் பாதியைக் குத்தியும் பாதியைக் குத்தாமலும் ஒரு தடவை வைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

பச்சைமிளகு:

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். சாசேஜ் என்பது இறைச்சி மட்டும் இல்லை, அதிலேயே உப்பும் மசாலாவும் கொழுப்பும் இருக்கிறது. பதப்படுத்திய வகையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு இருக்கும். பெரியவர் ஒருவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால் சாசேஜ் போடுகிற எந்தச் சமையலிலும் அதைக் காய்கறியாக நினைக்காதீர்கள், தாளிப்பாக நினையுங்கள். நான்கு பேருக்கு 150 கிராம், அதாவது மெல்லியது மூன்று போதும். மீதியெல்லாம் சாதமும் காயும் முட்டையும்தான். உப்பு கடைசியில், வாயில் போட்டுப் பார்த்த பிறகு மட்டும். சோயா சாஸ் ஊற்றினால் உப்பு டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

சாதத்தோடு கிளற, நான் செய்கிற வரிசை இது. சாசேஜைச் சாய்வாக மெல்லிய வில்லைகளாக வெட்டுங்கள், சாய்வாக வெட்டினால் வாணலியில் படுகிற பரப்பு அதிகம், அங்கேதான் சிவந்து மணம் வரும். மேலே ஈரம் இருந்தால் துணியால் ஒற்றி எடுங்கள், ஈரம் போகிற வரைக்கும் சிவக்காது, அவிந்துகொண்டே இருக்கும். ஒரு கரண்டி எண்ணெயில் வில்லைகளைப் பரப்பி, கிளறாமல், இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். பிள்ளைகள் பசியில் பக்கத்தில் நின்றால் கை தானாகக் கரண்டிக்குப் போகும், போகக் கூடாது. ஓரம் சுருண்டு அடி சிவந்ததும் திருப்பிவிட்டு, இன்னும் ஒரு நிமிடத்தில் தனியாக எடுத்து வையுங்கள். இப்போது வாணலியில் இருப்பது சாசேஜ் மணம் ஏறிய எண்ணெய். அதில் பூண்டு, வெங்காயம், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸும் கேரட்டும் போட்டுப் பெரிய தீயில் வதக்கி, ஓரமாக ஒதுக்கி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி, அப்புறம் சாதம். ஆறி உதிர்ந்த சாதம்தான் வேண்டும், சூடான சாதம் குழைந்து பிசுபிசுக்கும். கடைசியில் சாசேஜைத் திரும்பச் சேர்த்து, மிளகுத்தூள், வெங்காயத்தாள், அடுப்பை அணைத்துவிடலாம். சாதம் மட்டும் தயாராக இருந்தால் பதினைந்து நிமிட வேலை.

பாஸ்தாவுக்கும் இதே வழிதான். வறுத்து எடுத்த கொழுப்பில் பூண்டும் தக்காளியும் வதங்கட்டும், பாஸ்தா வேகிற தண்ணீரை வடிக்கும் முன் ஒரு கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் மாவுச்சத்து கலந்திருக்கும், தக்காளியோடு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் சாஸ் பாஸ்தாவில் ஒட்டிக்கொள்ளும். பச்சை சாசேஜ் இருந்தால் தோலைக் கீறி உரித்துவிட்டு, உள்ளே இருப்பதை உதிர்த்துப் போட்டு வறுக்கலாம். உருண்டையாக வேகிறதா என்ற கவலையே இருக்காது, எட்டு நிமிடத்தில் வெந்துவிடும். உங்கள் தடித்த பாக்கெட்டில் மீதி இருந்தால் நாளைக்கே இப்படிச் செய்யுங்கள்.

ஞாயிறுஅவன்:

அவன் இருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் தட்டிலேயே எல்லாம் முடிகிற ஒன்று சொல்கிறேன், அரை மணியைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் அடுப்பு முன்னால் நிற்க வேண்டியதில்லை, பிள்ளைகளைக் குளிக்க வைக்கப் போகலாம். உருளைக்கிழங்கை 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி எண்ணெய், மிளகு புரட்டி 200 டிகிரியில் பதினைந்து நிமிடம் தனியாக வையுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் சாசேஜ் வெந்திருக்கும், கிழங்கு நறுக்கென்று இருக்கும். அப்புறம் பச்சை சாசேஜ், பெரிய துண்டாக வெட்டிய வெங்காயம், குடைமிளகாய் சேர்த்து இன்னும் இருபத்தைந்து நிமிடம், நடுவில் ஒரு தடவை புரட்டி விட வேண்டும். தட்டில் நெருக்கி அடைக்காதீர்கள், நெருக்கினால் எல்லாம் அவிந்து ஈரமாக வரும், ஓரம் மொறுமொறுப்பாகாது. சாசேஜிலிருந்து இறங்குகிற கொழுப்பு கிழங்கில் ஊறி வறுபடுகிறது பாருங்கள், எங்கள் வீட்டில் சாசேஜைவிட அந்தக் கிழங்குக்குத்தான் சண்டை.

அவசரம் என்றால் வெந்த சாசேஜை வில்லையாக வறுத்து, அதன் மேலேயே முட்டை அடித்து ஊற்றி, மூடி போட்டுச் சின்னத் தீயில் ஐந்து நிமிடம். ரொட்டி இருந்தால் இரவுச் சாப்பாடு ஆயிற்று.

வெள்ளைக்கரண்டி:

இவ்வளவு நேரம் யாரும் சொல்லவில்லை, மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். சின்னவனுக்கு சாசேஜை வட்ட வில்லையாக வெட்டித் தராதீர்கள். அந்த வட்டம் குழந்தையின் மூச்சுக்குழாயை மூடி போட்டது மாதிரி அடைத்துவிடும், மிருதுவாக இருப்பதால் உள்ளே நன்றாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும், சிறு பிள்ளைகளுக்கு உணவு தொண்டையில் அடைப்பதில் இந்த வடிவம் மிக மோசமானது. நீளவாக்கில் நான்காகக் கீறி, அதற்குப் பிறகு குறுக்கே பொடியாக வெட்டுங்கள். தோல் தடிப்பாக இருந்தால் உரித்துவிடுங்கள். சாப்பிடும்போது உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், ஓடிக்கொண்டே கூடாது. தயவுசெய்து இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பச்சை சாசேஜ் ஃப்ரிட்ஜில் ஒன்று, இரண்டு நாள்தான். அதற்குள் சமைக்க முடியாது என்றால் வாங்கிய அன்றே ஃப்ரீசரில் போடுங்கள், ஒன்றிரண்டு மாதத்துக்குள் எடுத்துவிட்டால் ருசி கெடாது. வேக வைத்த வகை, பாக்கெட் பிரித்த பிறகு ஒரு வாரம். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை மேசை மேல் வைத்து இளக விடாதீர்கள், வெளிப்பக்கம் சூடேறிக் கிருமி பெருகும், உள்ளே இன்னும் கட்டியாக இருக்கும். முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால் கசியாத உறையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றலாம், அப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் சமைக்கிற நான்கு நாளில் ஒரு நாள் சாசேஜ், மற்ற நாளில் முட்டை, பருப்பு, மீன் என்று வைத்துக்கொண்டால் போதும்.

மாலைச்சமையல்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளைக்கரண்டி, வட்டமாக வெட்டித்தான் இத்தனை நாளாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன், படித்ததும் கை நடுங்கிவிட்டது. இனிமேல் நான்காகத்தான். வாரம் ஒரு நாள் என்பதும் நல்ல கணக்கு, எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். உப்பும் அந்த நைட்ரைட்டும் இல்லாமல் வீட்டிலேயே சாசேஜ் செய்ய முடியுமா? தோலும் இயந்திரமும் இல்லாமல்?

பழையவாணலி:

முடியும், தோலே வேண்டாம். உப்பு மட்டும் முழுதாக விட முடியாது தம்பி, காரணம் ருசி மட்டும் இல்லை. உப்பு பட்டால்தான் இறைச்சியில் இருக்கிற மயோசின் என்ற புரதம் கரைந்து வெளியே வந்து பசை மாதிரி பிடிக்கும், அது பிடிக்கவில்லை என்றால் சாசேஜ் ஆகாது, உதிர்ந்த கறியாகிவிடும்.

கோழித் தொடை இறைச்சி அரைத்தது அரை கிலோ, நெஞ்சுப் பகுதி வேண்டாம், காய்ந்துபோகும். உப்பு 7 கிராம், அதாவது குவிக்காத ஒரு தேக்கரண்டியைவிட ஒரு சிட்டிகை முன்னே பின்னே. மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு நான்கு பல், ஐஸ் தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. இறைச்சி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிரிலேயே இருக்க வேண்டும், இதுதான் முக்கியம். கை சூட்டில் கொழுப்பு இளகிவிட்டால் வேகும்போது தனியாகப் பிரிந்து ஓடிவிடும். அதனால் மரக்கரண்டியால் ஒரே பக்கமாகச் சுழற்றி அழுத்தி அழுத்திப் பிசையுங்கள், நான்கைந்து நிமிடம். முதலில் துகள் துகளாக இருக்கும், அப்புறம் பாத்திரத்தின் ஓரத்தில் நூல் மாதிரி இழுபடும். ஒரு உருண்டை எடுத்து உள்ளங்கையில் ஒட்டிக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள், விழாமல் தொங்கினால் பதம் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, கையில் எண்ணெய் தடவி விரல் தடிமனுக்கு உருட்டி, சின்னத் தீயில் மூடி போட்டு ஆறேழு நிமிடம், அப்புறம் மூடி இல்லாமல் உருட்டி உருட்டிச் சிவக்க விடுங்கள். இதற்கும் 74 டிகிரி பார்க்க வேண்டும். நைட்ரைட் இல்லாததால் உள்ளே வெளுத்த சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், கடையில் வாங்கியது மாதிரி ரோஜாவாக வராது. உருட்டிய அன்றைக்கோ மறுநாளோ சமைத்துவிடுங்கள், மிஞ்சினால் ஃப்ரீசர்.

ஞாயிறுஅவன்:

அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்க்கலாம் என்று ஒரு தடவை நினைத்தேன், உருட்டும்போதே கையோடு வந்துவிட்டது. காலையிலேயே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள், மாலை வந்து உருட்டினால் நேரமும் மிச்சம், ருசியும் நன்றாக ஏறியிருக்கும்.

மாலைச்சமையல்:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். தடித்த பாக்கெட்டில் மீதி இரண்டுதான் இருந்தது, பச்சைமிளகு சொன்னபடி மறுநாளே தோலை உரித்து உதிர்த்துப் பாஸ்தாவில் போட்டேன். உப்பு டப்பாவைத் தொடவே இல்லை, சரியாக இருந்தது. நேற்று அதே வகையில் புதிதாக நான்கு வாங்கி, பழையவாணலி அக்கா சொன்ன தண்ணீர் முறை. பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அடுப்பிலிருந்து ஓரடி தள்ளி உட்கார்ந்து சத்தம் மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, இப்போ சுர்ருங்குது" என்று அவள்தான் சொன்னாள், அப்போதுதான் உருட்ட ஆரம்பித்தேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை, தெர்மாமீட்டரில் 73 காட்டியது. சின்னவனுக்கு நான்காகக் கீறிப் பொடியாக வெட்டிக் கிழங்கு மசியலோடு கலந்து கொடுத்தேன், இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை கோழித் தொடை அரைத்து வாங்கப் போகிறேன். உருட்டுகிற வேலை பெரியவளுக்கு வேண்டுமாம், எண்ணெய் தடவிய கையோடு பச்சை இறைச்சியைத் தொடுவதில் அவளுக்கு ஏதாவது கவனம் சொல்ல வேண்டுமா?

வெள்ளைக்கரண்டி:

தாராளமாக உருட்டட்டும். உருட்டும்போது வாய், கண், முடி எதையும் தொடக் கூடாது, ருசி பார்க்கிறேன் என்று விரலை நக்கவே கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டு இருபது எண்ணும் வரை கை கழுவட்டும். பச்சை இறைச்சி வைத்த தட்டில் வெந்ததைத் திரும்ப வைக்காதீர்கள், வேறு தட்டை முன்பே எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் சின்னவனைச் சமையலறைக்கு வெளியே யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.